கண்வலிக் கிழங்கு விளையும் ஊரிலிருந்து ஒரு சித்த மருத்துவர்

ஐப்பசி மாதக் காலை நேரத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காடுகரைகளில் நடந்தால், கம்பிப் பந்தலில் ஏறிப் படர்ந்த செங்காந்தள் கண்ணில் படும். பாதி மஞ்சள், பாதி நெருப்புச் சிவப்பு. பந்தல் வரிசைக்குள் பெண்கள் நின்று, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தொட்டு வைத்துக்கொண்டு போவார்கள். வண்டையும் காற்றையும் மட்டும் நம்பினால் காய் சரியாகப் பிடிக்காது. அதனால் பூக்கிற நாட்களில் தினமும் இந்த வேலை உண்டு.

ஊரில் அதற்குப் பெயர் கண்வலிக் கிழங்கு. சித்த மருத்துவ நூல்களில் கலப்பைக் கிழங்கு. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான். விவசாயிக்குக் காசு தருவது அதன் விதை. அதிலிருந்து பிரித்தெடுக்கும் கோல்ச்சிசின், கீல்வாதத்தில் ஒருவகையான கௌட் வலிக்கு உலகெங்கும் ஆங்கில மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து. அதே செடியின் கிழங்கைத் தெரியாமல் தின்றால் ஆளே பிழைப்பது கடினம். ஒரே பந்தலில் பூவும் நஞ்சும் மருந்தும் பிழைப்பும் சேர்ந்து தொங்குகின்றன.

அந்தப் பந்தலுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். நீட் எழுதினாள். எம்.பி.பி.எஸ். கிடைக்கும் மதிப்பெண் இல்லை. ஆனால் பாளையங்கோட்டையில் பி.எஸ்.எம்.எஸ். கிடைத்துவிட்டது. வீட்டில் நடக்கிற பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"டாக்டருக்குப் படிக்கப் போறேன், அப்பத்தா."

"எந்த டாக்டர்த்தா? ஊசி போடுற டாக்டரா?"

"இல்ல அப்பத்தா. சித்தா."

"அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போவணும்? உங்க தாத்தன் கொல்லையில நின்னே பார்த்தாரே."

அப்பத்தா கேட்பது நியாயமான கேள்வி. கொல்லையில் நின்றே தெரிந்துகொள்ள முடிந்த ஒன்றுக்கு எதற்கு ஐந்தரை வருடம்? திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. போகரின் பழனி இங்கே இருக்கிறது. மூலிகைக்குப் பேர்போன சிறுமலை இங்கே இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்கும் காந்திகிராமம் லட்சுமி சேவா சங்கமும் இங்கேதான். இவ்வளவும் இருந்தும், இந்தப் படிப்புக்குப் பிள்ளைகள் வெளியூர்தான் போகிறார்கள்.

முதலில் படிப்பு எது என்பதைச் சொல்லிவிடலாம். 'மாற்று மருத்துவம்' என்ற பெயரில் சட்டப்படி ஒரு பட்டம் கிடையாது. சித்தாவுக்கு பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ்., யுனானிக்கு பி.யு.எம்.எஸ்., ஹோமியோபதிக்கு பி.எச்.எம்.எஸ்., இயற்கை மருத்துவத்துக்கும் யோகாவுக்கும் பி.என்.ஒய்.எஸ். எல்லாமே நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் கொண்டவை. முதல் மூன்றையும் 2020ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையம் நெறிப்படுத்துகிறது. அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்தது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மத்திய கவுன்சில். ஹோமியோபதிக்குத் தனிச் சட்டம், தனி ஆணையம்.

திண்டுக்கல்காரருக்குப் பக்கத்தில் இருப்பது திருமங்கலம் அரசு ஹோமியோபதிக் கல்லூரி. மதுரையைத் தாண்டினால் வந்துவிடும். சித்தா என்றால் பாளையங்கோட்டை, இல்லையென்றால் சென்னை அரும்பாக்கம். ஆயுர்வேதத்துக்கு நாகர்கோவில் கோட்டாறு. யுனானியும் இயற்கை மருத்துவமும் சென்னை. தனியார் கல்லூரிகள் வேறு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு எம்.பி.பி.எஸ்ஸுக்கு மட்டும்தான் என்று பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2020இல் வந்த அந்தச் சட்டம் இந்திய மருத்துவத்துக்கும் ஹோமியோபதிக்கும் சேர்த்துத்தான். இது தெரியாமல் விண்ணப்பமே போடாமல் விட்ட பிள்ளைகளை நினைத்தால் மனசு வலிக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில், அஞ்சல் வழியில் 'மாற்று மருத்துவ டாக்டர்' ஆக்குகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எலெக்ட்ரோபதி போன்ற, அங்கீகாரம் இல்லாத முறைகளில் பட்டமோ பட்டயமோ கொடுக்கக் கூடாது என்றும், அவற்றைப் படித்தவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரிலேயே உத்தரவிட்டுவிட்டது. சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படித்து முடித்தால் மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? முடியாது என்றால் அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், நோயாளியைத் தொடக் கூடாது.

சரி, பாளையங்கோட்டைக்குப் போன பெண் அங்கே என்ன படிக்கிறாள்?

உடற்கூறு படிக்கிறாள். பிணத்தை அறுத்துப் பார்க்கிறாள். உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் உண்டு. கூடவே மருத்துவத் தாவரவியல். அப்புறம் குணபாடம் வருகிறது. மூலிகை ஒரு பகுதி, தாதுவும் சீவமும் இன்னொரு பகுதி. முருகேச முதலியார் தொகுத்த மூலிகை குணபாடம் தலைமுறை தலைமுறையாக விடுதி அறைகளில் கைமாறி வந்த நூல். பாடல்கள் மனப்பாடமாக வேண்டும். இந்தப் படிப்புக்குப் பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ தமிழைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும். படிக்காதவர் கல்லூரியில் சேர்ந்த பிறகாவது தமிழ் படித்தாக வேண்டும். தமிழ் தெரிந்தால்தான் டாக்டர் ஆகலாம் என்று விதி வைத்திருக்கும் மருத்துவப் படிப்பு இது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் தயங்கி நிற்கும் ஒரு பிள்ளை, இங்கே ஒரு பாடத்திலாவது வகுப்பில் முன்னால் நிற்கிறாள்.

நோய் நாடலில் எண்வகைத் தேர்வு கற்கிறாள்: நாடி, தொடுஉணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நீர்க்குறியையும் நெய்க்குறியையும் பார்க்கப் பழகுகிறாள். விடிகாலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று கவனித்து வாதம், பித்தம், கபம் என்று குறிப்பது நெய்க்குறி. அதே சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கவும் கற்கிறாள். இரண்டும் ஒரே நோயாளியின் தாளில் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒத்துப்போகாத நாளில் எதை நம்பி மருந்து கொடுப்பது என்பது அந்தப் பெண்ணின் முன்னால் நிற்கும் உண்மையான கேள்வி. ஒரு நல்ல ஆசிரியர் அந்த இடத்தில் மாணவியை அவசரப்படுத்த மாட்டார்.

பிறகு 'நஞ்சு நூலும் மருத்துவ நீதி நூலும்' என்றொரு தாள். அங்கேதான் வீட்டுக்கு அடுத்த பந்தலில் படர்ந்த கண்வலிக் கிழங்கு திரும்ப வருகிறது. அந்தக் கிழங்கை அப்படியே மருந்தில் சேர்க்க முடியாது. சீவி, மோரில் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி, மறுபடி ஊறப்போட்டு என்று சுத்தி செய்ய வேண்டும். அதுவும் பயிற்சி பெற்ற கையால். சேராங்கொட்டைக்கு வேறு சுத்தி. பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் வேறு. பாடாணம் மட்டும் அறுபத்து நான்கு. பிறவிப் பாடாணம் 32, வைப்புப் பாடாணம் 32. பழனி மலைமேல் இருக்கும் மூலவரை நவபாடாணம் என்று சொல்லியே வளர்ந்த பிள்ளைக்கு, ராக்காலச் சந்தனத்தை மருந்தாக வாங்கி வந்த வீட்டுப் பிள்ளைக்கு, பாடாணம் என்ற சொல் இப்போது தேர்வுத் தாளில் அளவோடும் குறிகுணத்தோடும் வருகிறது.

இந்தத் தாளை அசட்டையாகப் படிக்க முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் எழுபதை வாங்கிச் சோதித்தார்கள். 14 மருந்துகளில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2004இல் வந்த ஆய்வு அது. சரியாகச் சுத்தி செய்து முடித்த செந்தூரமும் அவசரத்தில் அரைகுறையாகப் புடம் போட்டதும் பார்வைக்கு ஒரே சிவப்பாக இருக்கலாம். வித்தியாசம் தெரிந்தவரும், தெரியாதபோது ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறவரும்தான் நமக்கு வேண்டும். தாத்தன் தெரிந்து வைத்திருந்தார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் மருந்து தன் கொல்லையைத் தாண்டிப் போகவில்லை. இன்று மருந்து புட்டியில் அடைத்து லாரியில் போகிறது, கடல் தாண்டியும் போகிறது.

இன்னொரு செடியைப் பார்ப்போம். கீழாநெல்லி.

மழை பெய்து நாலு நாளானால் திண்டுக்கல் சமவெளியில் வரப்போரம், வாய்க்கால் மேடு, பள்ளிக்கூட மைதானம் என எங்கும் தலைகாட்டும் செடி. மஞ்சள் காமாலை என்றவுடன் யார் வீட்டிலும் முதலில் தேடுவது அதைத்தான். காம்பைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் சின்னச் சின்னக் காய்கள் வரிசையாகத் தொங்கும். ஆனால் பக்கத்திலேயே அதன் சொந்தக்காரச் செடிகளும் முளைக்கும். அவசரமாகப் பிடுங்கும் கைக்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்தச் செடிக்கு ஒரு பெரிய கதை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜனின் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் கொடுத்துப் பார்த்தது. முடிவு 1988இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெற்றுமாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கு மட்டும். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் அந்த ஆய்வில் பங்கெடுத்தவர். நாட்டுவைத்தியர்களின் கைச்செடி உலகின் முன்னணி மருத்துவ இதழில் ஏறிய தருணம் அது.

அதோடு கதை நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அதே மாதிரி கிடைக்கவில்லை. செடி வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா, முதல் சோதனையில் ஆட்கள் குறைவாக இருந்ததா என்று கேள்விகள் எழுந்தன. கீழாநெல்லியை லான்செட்டே ஒத்துக்கொண்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பாதியையும் படிக்க வேண்டும். செடியைச் சரியாக அடையாளம் காணும் கண்ணும், பலன் கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கும் துணிச்சலும் சேர்ந்தால், கீழாநெல்லிக்கு அடுத்த அத்தியாயத்தை எழுதப்போவது அவர்கள்தான்.

சீனத்தில் அப்படி ஒருவர் எழுதினார். தூ யூயூ மருந்தியல் படித்தவர். பிறகு இரண்டரை ஆண்டு, மேலை மருத்துவம் படித்தவர்களுக்கான மரபு மருத்துவப் பயிற்சியில் சேர்ந்து படித்தார். மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழைய ஏட்டில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். கொதிக்க வைத்தால் சத்து கெட்டுவிடுகிறதோ என்று அந்த ஒரு குறிப்பிலிருந்து யோசித்து, குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் நோபல் பரிசு. பழைய ஏட்டை வாசிக்கத் தெரிந்ததும், வாசித்ததைச் சோதிக்கத் தெரிந்ததும் ஒரே ஆளிடம் இருந்தன.

தமிழில் ஏட்டை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. திண்டுக்கல்லுக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை நமக்கு 'கருணாமிர்த சாகரம்' எழுதிய இசை அறிஞராகத் தெரியும். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர், ஆசிரியப் பயிற்சிக்கு வந்த ஊர் திண்டுக்கல். இங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். மூலிகை மேல் இருந்த ஆசையில் மலைகளில் அலைந்து, சுருளி மலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் மருத்துவம் கற்றார். தஞ்சாவூருக்குப் போய், கொஞ்ச காலத்தில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். அவருடைய கோரோசனை மாத்திரை கடல் கடந்தும் விற்றது. மூலிகைக்கென்றே பெரிய தோட்டம் போட்டார். இசை ஆராய்ச்சிக்கும் மாநாடுகளுக்கும் கைக்காசைச் செலவழிக்க முடிந்ததற்கு அந்த மருந்துகளே காரணம். கல்லூரி இல்லாத காலத்து மனிதர் அவர். குருவைத் தேடி மலையேற வேண்டியிருந்தது.

கல்லூரி வந்த கதையும் சுருக்கமாக இருக்கிறது. 1921இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் பற்றி நாடெங்கும் வைத்தியர்களிடம் கேட்டு 1923இல் அறிக்கை தந்தது அந்தக் குழு. அதன் பயனாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி பிறந்தது. கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் தலைவர். அந்தப் பள்ளி இருந்த கீழ்ப்பாக்கம் வளாகம்தான் இன்று கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி. சித்தாவுக்கென்று தனியாகப் பாளையங்கோட்டையில் அரசுக் கல்லூரி வந்தது 1964இல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் 1984 முதல் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது, கைதடியில்.

அடுத்து 1985. இரண்டாவது அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. எங்கே? பழனியில். இன்று சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். பழனியில் தொடங்கி, பிறகு சென்னைக்கு மாற்றப்பட்டது. போகர் சமாதி இருக்கும் ஊரில், மூலிகை மலைகள் சூழ்ந்த ஊரில் ஆரம்பித்த கல்லூரி ரயிலேறிப் போய்விட்டது என்பது இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும். 2021இல் பழனி கோயில் சார்பில் சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்படும் என்று அறநிலையத்துறை அறிவித்தபோது, அது புதிய கொடை என்றே பலரும் பேசினார்கள். திண்டுக்கல்லைப் பொறுத்தவரை அது போனது திரும்பி வருவதற்கான பேச்சு. 2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறப்பு விழா கண்டது. அலோபதிக்குக் கல்லூரி வந்த மாவட்டத்துக்குச் சித்தாவும் வருவது நியாயம்.

படித்து முடித்தால் வேலை உண்டா என்று வீட்டில் கேட்பார்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவுகள் இருக்கின்றன. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக உதவி மருத்துவ அலுவலர்களை எடுக்கிறார்கள். ஆனால் அந்த அறிவிப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரும். மேற்படிப்புக்குத் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மருந்து தயாரிப்பும் ஆராய்ச்சியும் வேறு வழிகள். மற்றவர்கள் சொந்தமாக மருத்துவமனை வைக்கிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது பதினைந்து சரக்கு சேர்ந்த கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக ஊற்றப்பட்டது நினைவிருக்கும். அந்த நாட்களில் சித்த மருத்துவர்களைத் தேடாத ஊர் இல்லை. தேடல் அடங்கிய பிறகும் அவர்கள் சாப்பிட வேண்டும், கடன் கட்ட வேண்டும்.

இரண்டு தீர்ப்புகளையும் தெரிந்துகொள்வது நல்லது. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், அது அலட்சியமே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாத பரம்பரை வைத்தியர்கள் மருத்துவம் பார்க்க உரிமை இல்லை என்று 2018இல் சொன்னது. தாத்தனைப் போலக் கொல்லையில் நின்று வைத்தியம் பார்ப்பதற்குச் சட்டத்தில் இடம் சுருங்கிவிட்டது. அவர் அறிவைப் பேத்தி கல்லூரிக்கு எடுத்துப் போனால்தான் அதற்கு வாழ்வு.

முதல் விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வருகிறாள். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒட்டன்சத்திரம் வண்டி பிடித்து, ஊர் வந்து சேரும்போது மழை விட்டிருக்கிறது. வாசலில் அப்பத்தா ஒரு கொத்துச் செடியோடு நிற்கிறார். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதாம், அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கப் போகிறாராம். பேத்தி பையைக் கீழே வைத்துவிட்டுச் செடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறாள். சிலவற்றை ஒதுக்கிப் போடுகிறாள். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறாள்:

"மஞ்சக்காமாலைன்னு யாரு சொன்னா, அப்பத்தா? ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களா?"